"வெயிலுக்குள்ளால வந்தவ, அதான் ஏறியிருக்கு": கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கிளினிக் நாள். பயிற்சி முடித்துப் புதிதாக வந்த மருத்துவமாது ஒருத்தி பிறசர் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து மேசையில் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "மிஸ், நூற்றி நாற்பத்தாறு காட்டுது. வெயிலுக்குள்ளால சைக்கிள் உழக்கி வந்தவ, அதான் ஏறியிருக்கு. ஆறவிட்டுப் பார்த்துக் குறைஞ்சதை எழுதுவம்" என்றாள்.

எனக்குக் கை விறைத்துவிட்டது. 2012இல் இதே சொல்லை, இதே சாதாரணக் குரலில், நான் சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் புதிதாக வருகிற மருத்துவமாதுகளுக்கு இதை எழுதுகிறேன். கை கழுவுங்கள், அட்டையில் பெயரைச் சரிபாருங்கள் என்பதெல்லாம் பயிற்சிப் பாடசாலையிலேயே சொல்லியிருப்பார்கள். அவற்றை விடுகிறேன்.

கேட்ட திகதியை அப்படியே எழுதுவது

கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்டால் பாதித் தாய்மார் "15ஆம் திகதி போல" என்பார்கள். நீங்களும் 15 என்று எழுதிவிடுவீர்கள். பிறகு 24 முதல் 28 வாரத்துக்குள் பார்க்க வேண்டிய சீனிப் பரிசோதனை, வயிற்றின் உயரத்தை வரைபில் குறிப்பது, பிறப்புத் திகதி எல்லாமே அந்த 15இன் மேல்தான் நிற்கும்.

எங்கள் சனத்துக்கு நாட்காட்டியை விடக் கோயிலும் வயலும் நல்ல நினைவு. "வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னமோ பிறகோ?", "காலபோகம் வெட்டி முடிஞ்சிட்டுதோ அப்ப?" என்று கேளுங்கள். அப்படியும் பிடிபடாவிட்டால் "திகதி நிச்சயமில்லை" என்று அட்டையில் எழுதி, முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே ஸ்கானுக்கு அனுப்புங்கள். பிந்தி எடுக்கும் ஸ்கானை வைத்து வாரக்கணக்கைத் திருத்த முடியாது.

"குளிசை போடுறீங்களோ?"

இந்தக் கேள்விக்கு "ஓம்" என்பதைத் தவிர வேறு பதில் நான் கேட்டதில்லை. "நேற்று எத்தனை மணிக்குப் போட்டனீங்கள், எதோட போட்டனீங்கள்?" என்று கேளுங்கள். தேத்தண்ணியோடு என்று வரும். தேத்தண்ணி இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கல்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்தில் விழுங்குவதும் அப்படித்தான். வீட்டுக்குப் போகும்போது மிச்சக் குளிசையை எடுத்துவரச் சொல்லி எண்ணிப்பாருங்கள்.

"வெயில்"

2012. மாங்குளம் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு குளக்கட்டுக் கிராமம். மீள்குடியேறிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தகரக் கொட்டகையில் கிளினிக். அந்தத் தாய்க்கு 22 வயது, தலைப்பிள்ளை, 29 வாரம். நாலு கட்டை தூரம் சைக்கிளில் வந்திருந்தாள். வந்ததும் வராததுமாகப் பிறசர் பார்த்தேன். 148/94.

"வெயிலுக்குள்ளால வந்தனான் மிஸ்" என்று அவள்தான் முதலில் சொன்னாள். "ஓம், வெயில்தான்" என்று நானும் சொன்னேன். வாங்கில் இருத்திவிட்டு மற்றவர்களைப் பார்த்தேன். திரும்ப எடுத்தபோது 138/88. எனக்கு நிம்மதி. அட்டையில் 130/80 என்று எழுதினேன். கால் கொஞ்சம் அதைத்திருந்தது. "கன நேரம் நிக்காதைங்கோ" என்று சொல்லி, நாலு கிழமை கழித்துத் திகதி போட்டுக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் இரவு அவளுக்கு வலிப்பு வந்தது. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கிடத்திப் பெரிய வீதிவரை கொண்டுவந்தார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை நான்கு நாள் இருந்தது.

பிறகு அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முந்தைய வரிகளில் 96/60, 100/60, 104/70. அதற்குக் கீழே நீல மையில் என் எழுத்தில் 130/80. பொய்யாகக் குறைத்து எழுதிய அந்த எண்கூட அவளுடைய வழமையை விட எவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அவள் என்னை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் சந்தையில் கண்டால் சிரிப்பாள்.

இதில் நான் செய்த பிழை ஒன்றல்ல. பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, வந்தவுடன் எடுத்தது. நடந்தும் உழக்கியும் வருகிறவர்கள் வன்னியில் எல்லாக் கிளினிக்கிலும் வருவார்கள். ஆகவே ஒழுங்கை மாற்ற வேண்டியது நாங்கள்தான். வந்ததும் தண்ணீர் கொடுங்கள், சலம் கழித்து மாதிரியும் தரச் சொல்லுங்கள், நிறை பாருங்கள். பிறகு முதுகு சாய்ந்து, கால் இரண்டும் நிலத்தில் படும்படி ஐந்து நிமிடம் இருக்கட்டும். அதன் பிறகு பிறசர். கை நெஞ்சு மட்டத்தில், சட்டைக் கைக்கு மேலால் சுற்றாமல், கதை கேட்காமல் எடுங்கள். மேற்கையின் சுற்றளவு 33 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் பெரிய பட்டி வேண்டும். சிறிய பட்டி கூட்டிக் காட்டும்.

இப்படி எடுத்துவிட்டால் வெயிலைச் சாட்டச் சந்தர்ப்பமே வராது. நிழலில் ஓய்வாக இருந்த பிறகும் மேலே 140 அல்லது கீழே 90 வந்தால் அது உயர் குருதியமுக்கம். இரண்டும் சேர்ந்து ஏற வேண்டியதில்லை, ஒன்று போதும்.

இரண்டாவது, கூடின எண்ணை எழுதாமல் விட்டது. எடுத்தது இரண்டு என்றால் இரண்டையும் நேரத்தோடு எழுதுங்கள். ஆசுபத்திரியில் அட்டையைப் பார்க்கும் டொக்டருக்கு அந்த 148 வேண்டும். 110/70, 120/80 தவிர வேறு எண்ணே இல்லாத அட்டைகளைக் காணும்போது எனக்கு இப்பவும் ஆத்திரம் வரும். வழிகாட்டிப்படி பார்த்தால் பெட்டியெல்லாம் நிரம்பியிருக்கும். மேற்பார்வைக்கு வருகிறவர் சரி போட்டுவிட்டுப் போவார். அந்த அட்டையைக் கொண்டுபோகும் தாய்க்கு அதால் என்ன பிரயோசனம்?

மூன்றாவது, சலம் பார்க்காதது. பிறசர் கூடினால் அதே இடத்தில் புரதம் பார்க்க வேண்டும். தலையிடி, கண் மங்கல், நெஞ்சாங்குழிக்குக் கீழே நோ, முகம் கை திடீரென்று அதைப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "வேற ஏதும் வருத்தமோ?" என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். நோவைச் சொல்லாமல் பொறுத்துப் பழகிய பெண்கள் இவர்கள்.

நான்காவது, நாலு கிழமை. ஓய்வுக்குப் பிறகும் 140/90 காட்டிய தாய் அன்றைக்கே வைத்திய அதிகாரியின் கண்ணில் பட வேண்டும், அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். என்னைப் போல எல்லையில் 138/88 கண்டாலும் இரண்டு மூன்று நாளுக்குள் திரும்பப் பாருங்கள். 160/110 என்றால் ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸுக்குப் போன் அடியுங்கள்.

துண்டு கொடுத்ததோடு முடிந்தது என்று நினைப்பது

ஆசுபத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தால் தாய் போய்விடுவாள் என்று நினைக்காதீர்கள். வீட்டில் இரண்டு சின்னன் இருக்கும், மாடு கட்டாமல் நிற்கும், மனுசன் வயலில். கடைசி பஸ்ஸும் போயிருக்கும். "நாளைக்குப் போறன் மிஸ்" என்பாள். துண்டு அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும்.

தொடக்கத்தில் சொன்ன தாய்க்கு ஓய்வுக்குப் பிறகு 142/92, சலத்தில் புரதம் ஒரு கூட்டல் (1+). வைத்திய அதிகாரி பார்த்து அனுப்பச் சொன்னார். புது மருத்துவமாதை விட்டே அந்தத் தாயின் புருசனுக்குப் போன் எடுக்க வைத்தேன். பிள்ளைகளை ஆர் பார்ப்பது என்று அங்கேயே கேட்டுத் தீர்த்தோம், பக்கத்து வீட்டு மாமி ஓமென்றா. வாட்டுக்கும் முன்கூட்டிச் சொன்னோம். பின்னேரம் ஆறு மணிக்குத் திரும்பவும் போன் எடுத்து, கட்டில் கிடைத்துவிட்டதா என்று கேட்ட பிறகுதான் புது மருத்துவமாதை வீட்டுக்குப் போகவிட்டேன்.

முதல் வருகையில் சலம் பார்க்காமல் விடுவது

வவுனியாப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள ஊர்கள் இருக்கின்றன. 20 வாரத்துக்கு முன்னரே புரதம் இருந்தால் அது வேறு கதை, சிறுநீரகத்தின் பழைய நோயாக இருக்கலாம். தொடக்கத்தில் பார்த்து எழுதாவிட்டால், 32 வாரத்தில் புரதம் வரும்போது அது பழையதா புதியதா என்று எவராலும் சொல்ல முடியாது.

நிறை பார்க்கும் தராசு

சீமெந்துத் தரையில் வையுங்கள். மணலில் வேண்டாம்.

திரிபோஷா

தாய்க்குக் கொடுக்கும் சத்துமா இது. மாதம் பக்கற் இரண்டு, வீட்டில் பிள்ளைகள் மூன்று. யார் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

பிள்ளை பிறந்தபின் பிறசரை மறப்பது

முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரம் வீட்டுக்குப் போக வேண்டும். போகிறோம். தொப்புள், பால், பிள்ளையின் மஞ்சள் எல்லாம் பார்க்கிறோம். தாயின் கையில் பட்டி சுற்ற மறந்துவிடுகிறோம். பிள்ளை பிறந்த பிறகும் வலிப்பு வரும்.

தொடக்கத்தில் சொன்ன அந்தத் தாய் 37 வாரத்தில் பெண்பிள்ளை பெற்று வீடு வந்தா. மூன்றாம் நாள் நானும் புது மருத்துவமாதும் போனோம். குழந்தையைத் தூக்கப் போனவள் தானாகவே நின்று, முதலில் தாயை வேப்பமரத்தடிக் கதிரையில் இருத்தி, ஐந்து நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்தாள். 144/90. எழுதினாள்.