ஏர் ரைஃபிள் ஸ்லக் ஒரே இடத்துல விழணும்னா மொதல்ல துப்பாக்கியோட பேரலை (குழாயை) பாருங்க

நம்ம பஹாவ் பக்கம் லைசன்ஸோட ஏர் ரைஃபிள் வச்சிருக்க தம்பிங்க (மலேசியாவோட 1960 ஆயுதச் சட்டத்துல ஏர் ரைஃபிளும் அடங்கும், லைசன்ஸ் இல்லாம தொடாதீங்க) குரூப் (குண்டு விழுற எடங்க) பரவுனா ஒடனே ஸ்கோப்பை மாத்துறாங்க, ஆனா பேரலை யாரும் பாக்குறதில்ல.

பெல்லட்டுக்கு (சாதா ஏர் ரைஃபிள் குண்டு) இடுப்பு ஒடுங்கியிருக்கும், தலையும் பாவாடை மாதிரி விரிஞ்ச பின்பக்கமும் மட்டும்தான் பேரலை தொடும், ஸ்லக் அப்படி இல்ல, அது உருளை மாதிரி குண்டு, ஒடம்பு நீளத்துக்கு உரசிட்டு போகும், அதனால சைஸ் கொஞ்சம் தப்புனாலும் குறி போயிடும். .22ன்னு போட்டிருந்தாலும் கடையில 0.216, 0.217, 0.218 இன்ச்னு தனித்தனியா கெடைக்கும்.

காத்தை முழுசா எறக்கிட்டு, மேகசினை கழட்டி, பேரல் காலின்னு உறுதி பண்ணிட்டு, ஒரு ஸ்லக்கை கிளீனிங் ராடால பின்பக்கமிருந்து மெதுவா தள்ளுங்க. கடைசி வரைக்கும் ஒரே இறுக்கமா போகணும். நடுவுல லூசானா பேரல் சரியில்ல, வாய்கிட்ட மட்டும் இறுகுனா அது சோக் (பேரல் வாயை ஒடுக்கியிருக்கறது), பெல்லட்டுக்கு நல்லதுதான், ஸ்லக்கை ஆனா பல நேரம் கெடுத்துடும். வெளிய வந்த ஸ்லக்ல ரைஃப்ளிங் (பேரல் உள்ள இருக்க சுருள் வெட்டு) கோடு சுத்தியும் ஒரே மாதிரி விழுந்திருக்கா பாருங்க, ஒரு பக்கம் மட்டும் ஆழமா இருந்தா ஸ்லக் சாஞ்சு நொழையுதுன்னு அர்த்தம்.

கிரவுன்ல (பேரல் வாய் விளிம்பு) காது கொடையுற காட்டன் பட்ஸை சுத்துங்க, பஞ்சு மாட்டுனா அங்க பிசிறு இருக்கு.

நீளமான ஸ்லக்குக்கு வேகமான ட்விஸ்ட் (கொறஞ்ச தூரத்துலயே ஒரு சுத்து முடியுற ரைஃப்ளிங்) வேணும், உங்க பேரல்ல அது இல்லன்னா நீளம் கொறஞ்சதா வாங்குங்க. பிராண்ட் மாத்துனா பேரலை தொடைச்சிட்டு, சில ரவுண்டு விட்டு ஈயம் படிஞ்சப்புறம் 50 மீட்டர்ல குரூப் பாருங்க.