ஸ்பீக்கர் சத்தமும் மீன் தொட்டியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் தொட்டி உள்ள அறையில் பாட்டுப் போடலாமா? போடலாம். ஸ்பீக்கர் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பில் பட்டதும் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே போகிறது. மேசை, தரை, ஸ்டாண்ட் வழியாக ஏறும் அதிர்வுக்கு அந்தத் தடை கிடையாது. கண்ணாடி அதிர்ந்தால் தண்ணீரும் அதிரும்.

அதனால் பெரிய தவறு, தொட்டி நிற்கும் ஸ்டாண்டிலோ அதே அலமாரியிலோ ஸ்பீக்கரை வைப்பது. சப்வூஃபர் என்றால் இன்னும் மோசம். அது எழுப்புவது ஏறக்குறைய 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலி. மீனின் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு நீரசைவை உணர்வதும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான். எதிரி நெருங்குவதை மீனுக்குச் சொல்லும் உறுப்பு அது.

சோதிப்பது எளிது. ஒரு கிண்ணத்தில் விளிம்புவரை நீர் ஊற்றித் தொட்டியின் பக்கத்தில், அதே ஸ்டாண்டில் வையுங்கள். வழக்கமான சத்தத்தில் பாட்டைப் போடுங்கள். கிண்ணத்து நீரில் வளையம் ஓடினாலோ, தொட்டிக் கண்ணாடியில் வைத்த விரல்நுனியில் துடிப்பு தெரிந்தாலோ அதிர்வு உள்ளே போகிறது. ஸ்பீக்கரை வேறு மேசைக்கு மாற்றி, அடியில் தடித்த ரப்பர் துண்டுகள் கொடுத்து, பேஸைக் (தாழ்ந்த ஒலியை) குறைத்து மறுபடி பாருங்கள்.

தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் அல்லது ஃபோம் ஷீட் போடுவதிலும் ஒரு பிசகு நடக்கிறது. அடிக்கண்ணாடி முழுவதும் ஸ்டாண்டில் படியும் தொட்டிக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர் ஷீட் நல்லது. சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டத்தில் மட்டும் நிற்கும் தொட்டிக்குப் போட்டால், ஷீட் நடுவில் மேல்நோக்கி அழுத்திக் கண்ணாடி விரிசல் விடலாம். 100 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. ஷீட்டை நுழைக்க நிறைந்த தொட்டியை ஒருபோதும் தூக்காதீர்கள், நகர்த்தாதீர்கள்.

எல்லா மீனுக்கும் ஒரே காது என்று நினைப்பதும் தவறு. கோல்ட் ஃபிஷ், கொய், டெட்ரா, பார்ப், கோரிடோராஸ் ஆகியவற்றில் காற்றுப்பையையும் உட்காதையும் சிறு எலும்புகள் இணைக்கின்றன. அதனால் கேட்கும் திறன் கூர்மையானது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பழக்கிய கொய் மீன்கள் ப்ளூஸ் இசையையும் மேற்கத்திய செவ்விசையையும் பிரித்தறிந்தன. கௌராமியும் ஃபைட்டரும் தலையிலுள்ள காற்றறையின் உதவியால் நன்றாகக் கேட்கும். கோல்ட் ஃபிஷ் நீருக்கடியில் 160–170 டெசிபல் இரைச்சலில் வைக்கப்பட்ட 2004 ஆய்வில், 10 நிமிடத்திலேயே கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறைந்தது; 21 நாள் தொடர்ந்து கேட்டவை மீள இரண்டு வாரம் ஆனது. இந்த எண்ணை உங்கள் ஃபோன் காட்டும் டெசிபலோடு ஒப்பிடக் கூடாது, நீருக்கும் காற்றுக்கும் அளவீட்டின் அடிப்படையே வேறு.

பாட்டைக் குறை சொல்லிவிட்டுப் பம்பை மறப்பவர்கள் ஏராளம். பாட்டு சில மணி நேரம் ஓடும். பம்ப் நாள் முழுக்க ஓடும். ஏர் பம்பின் ரப்பர் பாதங்கள் இறுகிப்போனால் மாற்றுங்கள் அல்லது பம்பை ஸ்பாஞ்ச் மேல் வையுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே வைத்தால் டியூபில் தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம், மின்சாரம் நின்றால் தண்ணீர் பம்புக்குள் இறங்கிவிடும். டியூப் கண்ணாடியில் உரசாதபடி பாருங்கள். ஃபில்டர் கடகடவென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இம்பெல்லரை (உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சிறு விசிறியை) வெளியே எடுங்கள். உள்ளே மணல் சிக்கியிருக்கும், அல்லது அதன் மெல்லிய அச்சு உடைந்திருக்கும். அலசிப் பொருத்தியும் சத்தம் நிற்காவிட்டால் புது இம்பெல்லர்தான் வழி.

மீன் மூலையில் ஒதுங்கி, நிறம் வெளுத்து, துடுப்பை மடக்கி, வேகமாக மூச்சு வாங்கினால் உடனே ஒலிதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். மீன் கழிவால் நீரில் சேரும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இதே அறிகுறிகளைத் தரும், உயிரையும் எடுக்கும். முதலில் நீரைச் சோதியுங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நீர் சரியாக இருந்து, பாட்டு ஓடும் நேரத்தில் மட்டும் மீன் பாய்ந்து கண்ணாடியில் மோதினால் அதிர்வைச் சந்தேகியுங்கள்.

தொடர்ந்த ஒலியைவிடத் திடீர் ஒலியே அதிகம் மிரட்டும். சத்தத்தைத் தாழ்வாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். மூடியை ஓங்கிச் சாத்துவதும் கண்ணாடியைத் தட்டுவதும் பாட்டைவிட நேரடியான அடி. வீட்டில் விசேஷம் என்று மீன்களை வாளிக்கு மாற்ற வேண்டாம். பிடிக்கும் பதற்றமே பெரிது. தொட்டி விளக்கை அணைத்து, அந்த நேரத்தில் இரை போடாமல், ஹேட்செட் ஃபிஷ் போன்று துள்ளும் மீன் இருந்தால் மூடியில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.