பறவைக்கு மார்ச் 31 தெரியாது

பிப்ரவரி கடைசியில் ஒரு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பிரிவிலிருந்து போன் வந்தது. "பன்னிரண்டு லட்சம் இருக்கு சார், மார்ச் 31-க்குள்ள செலவாகணும். உங்க குளத்தைத் தூர்வாரிடலாமா?" குளத்தில் அப்போது கூழைக்கடாக்கள் குஞ்சுகளோடு இருந்தன. முடியாது என்றேன். பணம் வேறெங்கோ போய்விட்டது. சரி என்றிருந்தால் இரண்டு பொக்லைன்கள் கூடுகளுக்குக் கீழே ஒரு மாதம் உறுமியிருக்கும், அதற்கு 'பறவைப் பாதுகாப்பு' என்று பெயரும் வைத்திருப்போம்.

பறவைகளுக்காக வேலை செய்யும் சிறிய அமைப்புகள் கம்பெனிப் பணம் கேட்கும்போது செய்கிற தவறுகளில் பாதி, இந்தக் காலண்டர் முரணில்தான் தொடங்குகிறது. நிறுவனத்தின் ஆண்டு ஏப்ரலில் பிறந்து மார்ச்சில் முடியும். தமிழ்நாட்டு நீர்ப்பறவையின் ஆண்டோ வடகிழக்குப் பருவமழையில் பிறக்கிறது. அக்டோபர் வாக்கில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும். குளம் நிறைந்ததும் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். மார்ச் வரை, இடத்தைப் பொறுத்து அதற்குப் பிறகும், குஞ்சுகள் இருக்கும். மண்வேலைக்கு உகந்த காலம் கோடை முதல் மழைக்கு முன்பு வரை. பணம் கிடைக்கிற மாதமும் குளத்தில் கைவைக்கக் கூடாத மாதமும் ஒன்றாக இருப்பது இதனால்தான்.

ஆனால் மார்ச் 31 என்பது நிறுவனத்தார் பயமுறுத்துகிற அளவுக்கு இரும்புச் சுவர் அல்ல. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவுப்படி, முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஒரு பணியை இயக்குநர் குழு 'தொடர் திட்டம்' என்று ஏற்றுக்கொண்டால், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று நிதியாண்டுகள் வரை அது நீளலாம். செலவாகாத தொகையை ஆண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டால் போதும். ஒரே ஆண்டுத் திட்டமாக எழுதியிருந்தால்தான் மிச்சம் ஆறு மாதத்துக்குள் அரசு நிதி ஒன்றுக்குப் போய்விடும். ஆகவே முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே 'தொடர் திட்டம்' என்று எழுதிவிடுங்கள். மாதவாரி அட்டவணையில், மண்வேலை கூடாத மாதங்களைக் கட்டம் போட்டுக் காட்டுங்கள். கேட்கிற அதிகாரி பறவை ஆர்வலராக இருக்க வேண்டியதில்லை. அட்டவணை அவருக்குப் புரிகிற மொழி.

அடுத்தது, கொடுப்பவருக்குப் பிடித்த வேலையை எழுதுவது. மரம் நடுவது எல்லா நிறுவனத்துக்கும் பிடிக்கும். எண்ணிக் காட்டலாம், படம் எடுக்கலாம். ஆனால் தென்மாவட்டங்களின் புல்வெளிகளில் குளிர்காலம் கழிக்க வரும் பூனைப்பருந்துகள் இரவில் தரையில், புற்களுக்கு நடுவே தங்குபவை. அந்த இடம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் தரிசு, பறவைக்கு வீடு. அங்கே ஆயிரம் மரக்கன்று நட்டால் அது குடியிருப்பவரை வெளியேற்றும் வேலை.

குளத்தை ஆழப்படுத்துவதும் இப்படித்தான். கரையிலிருந்து நேராகச் சரிந்து கிண்ணம்போல ஆழமாகிற குளத்தில் உள்ளான்களுக்கு நிற்க இடமில்லை. அவற்றின் கால் நீளம் சில சென்டிமீட்டர்தான். ஆழமில்லாத ஓரமும் சேறும்தான் அவற்றின் பந்தி. எத்தனை கனமீட்டர் மண் எடுத்தோம் என்று அறிக்கையில் எழுதுவதற்கு முன், எவ்வளவு ஓரத்தைத் தொடாமல் விட்டோம் என்று எழுதப் பழக வேண்டும். சீமைக் கருவேலத்தை அகற்றுகிறோம் என்று இறங்குபவர்களும் நாட்டுக் கருவேலம் எது என்று பொக்லைன் ஓட்டுநருக்குக் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. சீமைக் கருவேலத்திலேயே கூடு இருந்தால் மாற்று மரம் வளரும்வரை பொறுக்கத்தான் வேண்டும். பறவைகள் மரத்தின் பூர்வீகம் கேட்டுக் கூடு கட்டுவதில்லை.

சிட்டுக்குருவிப் பெட்டி கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, குழந்தைகளுக்கு நல்ல தொடக்கம் அது. ஆனால் 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து 178 இனங்களை உயர் முன்னுரிமைப் பட்டியலில் வைத்தது. முன்மொழிவு எழுதும் முன் அந்தப் பட்டியலை ஒருமுறை புரட்டினால், உங்கள் வட்டாரத்தில் யாரும் கேட்காத ஒரு பறவை அதில் நிற்பதைப் பார்க்கலாம்.

பெரிய பொறி எண்ணிக்கை வாக்குறுதி. 'மூன்றாண்டில் பாறுகளின் எண்ணிக்கை 20 சதவீதம் உயரும்' என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். குஞ்சு வளர்ந்து தானே இனப்பெருக்கம் செய்ய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். மூன்றாண்டுத் திட்டத்தில் எந்தக் கணக்குப்படி 20 சதவீதம்? நீலகிரி அடிவாரத்து மோயாறு பள்ளத்தாக்கில் பாறுகளைக் காக்கும் வேலையின் பெரும்பகுதி வானத்தில் நடப்பதில்லை, மருந்துக் கடையில் நடக்கிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, மாடு இறந்தபின் அதன் சதை வழியே பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006-இல் தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால் 2015-இல் குப்பி அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. பாறுக்கு அதேபோல் ஆபத்தான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவையும் கால்நடைகளுக்கு 2023-இல் தடைசெய்யப்பட்டன. எனவே வாக்களிக்க வேண்டியது இவற்றை: எத்தனை மருந்துக் கடைகளில் விசாரித்தோம், எத்தனை கால்நடை மருத்துவர்கள் மாற்று மருந்துக்கு வந்தார்கள், எத்தனை கூடுகளைத் தொலைவிலிருந்து கண்காணித்தோம். இவை உங்கள் கையில் இருப்பவை. பறவை எண்ணிக்கை உங்கள் கையில் இல்லை.

வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு பழைய தப்பெண்ணம் இன்னும் உலவுகிறது. 'நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாதாம்' என்று களப்பணியாளர் சம்பளத்தை வெட்டிவிடுகிறார்கள். அந்த 5 சதவீத வரம்பு, நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் செலவுக்கு உரியது. திட்டத்தைச் செய்யும் அமைப்பின் செலவுக்கு அல்ல. நிறுவன விவகார அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட கேள்வி பதிலிலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. அதற்கு மேல், கூட்டைக் காவல் காக்கும் ஊர்க்காரரின் கூலி நிர்வாகச் செலவே அல்ல, அதுதான் திட்டம். அதைக் குறைத்துக்கொண்டு தொலைநோக்கியும் டி-சர்ட்டும் வாங்குவது விதைநெல்லை விற்றுச் சாக்கு வாங்குகிற கதை.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்-1 படிவம் பதிந்து கிடைக்கும் எண், மூன்றாண்டு அனுபவம், இவை இல்லாமல் கதவைத் தட்டாதீர்கள். புதிய பறவை நோக்கர் குழு என்றால் பதிவுள்ள ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து போகலாம். பணம் வெளிநாட்டு நிறுவனத்தின் அறக்கட்டளையிலிருந்து வந்தால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டும். அனுமதிகளைப் பணம் வந்த பிறகு கேட்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். பறவைகளைப் பிடித்துக் காலில் அடையாள வளையமிட முதன்மை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. குளமோ வனத்துறை, நீர்வளத்துறை, ஊராட்சி, ஆயக்கட்டு விவசாயிகள் என்று பல கைகளில் இருக்கும். மடை எப்போது திறப்பது என்று முடிவுசெய்யும் விவசாயியை முன்மொழிவில் 'பயனாளி' என்று கடைசி வரியில் போடுகிறோம். சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை ஊர் தானே போட்டுக்கொண்டது. அப்படிப்பட்டவர்கள் பங்காளிகள்.

கொடுக்கும் நிறுவனம் எது என்றும் பாருங்கள். சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனையாக ஏற்கெனவே செய்ய வேண்டிய வேலையை உங்கள் தலையில் கட்டி சி.எஸ்.ஆர். கணக்கில் எழுதப் பார்ப்பவர்கள் உண்டு. சட்டக் கடமையை நிறைவேற்றுவது சி.எஸ்.ஆர். ஆகாது என்று விதியே சொல்கிறது. விளம்பர ஆதாயத்துக்கான ஸ்பான்சர்ஷிப்பும் ஆகாது. ஊழியர்களின் தன்னார்வ நாளைப் பணமாக மதிப்பிட்டுச் சேர்க்கவும் முடியாது. அந்த நாளை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. நூறு பேரையும் ட்ரோனையும் ஜனவரியில் கூட்டருகே கொண்டுவராமல், ஆகஸ்டில் குளக்கரைப் பிளாஸ்டிக் பொறுக்கக் கூப்பிடுங்கள்.

கடைசியாக அறிக்கை. ஒருமுறை மழை பொய்த்து எங்கள் குளம் நிறையவே இல்லை. கூடு ஒன்றுகூடக் கட்டப்படவில்லை. முந்தைய ஆண்டுப் படங்களைப் போட்டு ஒப்பேற்றலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நாங்கள் வறண்ட குளத்தின் படத்தையும், மழையளவையும், அந்த ஆண்டு செய்ய முடிந்த மதகுப் பழுதுபார்ப்பையும் வைத்து நான்கு பக்கம் அனுப்பினோம். நிறுவனத்திலிருந்து வந்த ஒரே கேள்வி, மிச்சப் பணத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போக இயக்குநர் குழுவுக்கு என்ன காரணம் எழுத வேண்டும் என்பதுதான். 'மழை பெய்யவில்லை' என்று எழுதச் சொன்னோம். எழுதினார்கள்.