சிம்பன்சிக்கு நெருங்கிய சொந்தம் மனிதனா, கொரில்லாவா? டிஎன்ஏ எழுத்துகளை வைத்து நீங்களே கண்டுபிடிக்கலாம்

கொரில்லாவையும் சிம்பன்சியையும் அருகருகே பார்ப்பவர்களுக்கு, அவை இரண்டும் உடன்பிறப்பு, மனிதன் தூரத்துச் சொந்தம் என்றுதான் தோன்றும். எனக்கும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தது. டிஎன்ஏ வரிசைகளைத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டபோதுதான் அந்த எண்ணம் மாறியது. ஒரு கணினியும் இரண்டு மாலைப் பொழுதும் இருந்தால் நீங்களும் இதைச் செய்துவிடலாம்.

சைட்டோகுரோம் பி என்ற மரபணுவிலிருந்து தொடங்குங்கள். செல்லுக்கு ஆற்றல் தரும், தனக்கென டிஎன்ஏ வைத்திருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது, ஏறக்குறைய 1,140 எழுத்து. ஜென்பேங்க் என்ற பொதுக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கும். மனிதன், சிம்பன்சி, அதன் உடன்பிறப்பு இனமான போனபோ, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் ஆகியவற்றின் வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாவதாக, இவை எல்லாவற்றுக்கும் தூரத்துச் சொந்தமான ரீசஸ் குரங்கையும் வெளியாளாகச் சேருங்கள்.

இந்த ஏழாவது ஆள் இல்லாமல் வேலையே நடக்காது. டிஎன்ஏ-வின் எழுத்துகள் ஏ, சி, ஜி, டி என நான்கு. ஓரிடத்தில் மனிதனுக்கு ஏ, சிம்பன்சிக்கு ஏ, கொரில்லாவுக்கு ஜி என்று வைத்துக்கொள்வோம். மனிதனும் சிம்பன்சியும் நெருக்கம் என்று உடனே சொல்லத் தோன்றும், ஆனால் சொல்லக்கூடாது. ரீசஸுக்கும் ஒராங்குட்டானுக்கும் ஏ இருந்தால் ஏ-தான் பழைய எழுத்து. கொரில்லா மட்டும் தனியாக மாறியிருக்கிறது. பழையதை இருவர் அப்படியே வைத்திருப்பது நெருக்கத்துக்குச் சாட்சி ஆகாது. ரீசஸுக்கும் ஒராங்குட்டானுக்கும் கொரில்லாவுக்கும் ஜி இருந்து, மனிதனும் சிம்பன்சியும் மட்டும் ஏ-வுக்கு மாறியிருந்தால் அது சாட்சி. இருவருக்கும் பொதுவான ஒரு மூதாதையிடம் அந்தப் புது மாற்றம் வந்திருக்க வேண்டும். முதல் நூறு எழுத்துகளையாவது கையால் இப்படிப் பாருங்கள். மென்பொருள் என்ன செய்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

இதே காரணத்தால், எல்லோரும் மேற்கோள் காட்டும் 2-வது குரோமோசோம் இந்தக் கேள்விக்கு உதவாது. மற்ற பெரிய வாலில்லாக் குரங்குகளுக்கு 48 குரோமோசோம், நமக்கு 46. இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிய தடம் நம்மிடம் தெளிவாக இருக்கிறது. பொது மூதாதை உண்டு என்பதற்கு அருமையான சான்றுதான். ஆனால் ஒட்டியது நம் கிளையில் மட்டும் என்பதால், சிம்பன்சி நெருக்கமா கொரில்லா நெருக்கமா என்று அது சொல்லாது.

வரிசையை இறக்கும்போது ஒரு ஆபத்து உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் துண்டுகள் அவ்வப்போது செல்லின் உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்டு, அங்கே தனியாக மாறிக்கொண்டிருக்கும். நான் முதலில் எடுத்த கொரில்லாத் துண்டு அப்படிப்பட்ட நகல். உறவு மரத்தில் கொரில்லா எங்கோ போய் நின்றது. மூன்று நாள் காரணம் புரியவில்லை. ஆகவே துண்டுகளை எடுக்காதீர்கள். முழு மைட்டோகாண்ட்ரியா வரிசையிலிருந்து மரபணுவை வெட்டி எடுங்கள். பிறகு அதைப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். புரதம் முடிந்தது என்று சொல்லும் நிறுத்தக் குறி நடுவில் வந்தால் சந்தேகப்படுங்கள். மொழிபெயர்க்கும்போது முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். டிஜிஏ என்ற மூன்றெழுத்து வழக்கமான குறியீட்டில் நிறுத்தம், இங்கே டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம்.

ஒத்த எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்று வரும்படி வரிசைகளை மாஃப்ட் என்ற மென்பொருள் கொண்டு நேர்ப்படுத்தி, மெகா மென்பொருளில் மேக்ஸிமம் லைக்லிஹுட் (தரவுக்கு மிகப் பொருத்தமான மரத்தைத் தேடும்) முறையில் மரம் வரையுங்கள். எழுத்துகளைக் குலுக்கி எடுத்து மீண்டும் மரம் வரைந்து, அதே கிளை எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் பூட்ஸ்ட்ராப் சோதனை 1,000 முறை ஓடட்டும். கிளை பிரியும் ஒரு கணுவில் 60 சதவீதம் என்று வந்தால் அதை நம்பிப் பேசாதீர்கள். சுமார் 16,500 எழுத்துள்ள முழு மைட்டோகாண்ட்ரியாவையும் கொடுத்துப் பாருங்கள். மனிதனும் சிம்பன்சி-போனபோவும் ஒரே கிளையில் உறுதியாக உட்காரும்.

ஆனாலும் அதோடு நிறுத்தாதீர்கள். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே மொத்தமாக வருவது. எத்தனை எழுத்து சேர்த்தாலும் அது ஒரே ஒரு சாட்சி. உட்கரு மரபணுக்களைக் கேட்டால் பதில்கள் பிரியும். 2012-இல் கொரில்லாவின் மரபணுத்தொகுதி வெளியானபோது, அதில் சுமார் 30 சதவீதப் பகுதிகளில் மனிதனும் சிம்பன்சியும் தங்களுக்குள் ஒத்துப்போவதைவிட, கொரில்லா அவர்களில் ஒருவரோடு அதிகம் ஒத்துப்போவது தெரிந்தது. இதில் பிழை ஏதும் இல்லை. மூன்று கிளைகளும் அடுத்தடுத்துப் பிரிந்ததால், மூதாதைக் கூட்டத்தில் இருந்த பழைய வேறுபாடுகள் ஒழுங்கில்லாமல் பங்கு போயிருக்கின்றன. மரபணுவின் மரம் வேறு, இனத்தின் மரம் வேறு. ஆகவே பல மரபணுக்களை எடுத்து, பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஆலு. சுமார் 300 எழுத்து நீளமுள்ள, தன்னையே நகலெடுத்து வேறிடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும் துண்டு. நம் மரபணுத்தொகுதியில் 10 லட்சத்துக்கும் மேல் இருக்கிறது, மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இரண்டு இனங்களில் அது தற்செயலாக அதே இடத்தில், அதே எழுத்தருகே செருகுவது மிக அரிது. செருகியது தடமின்றி வெளியேறுவதும் அப்படியே. மரபணுத்தொகுதிகளை அருகருகே காட்டும் யுசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர் இணையதளத்தில், மனிதனிலும் சிம்பன்சியிலும் ஆலு இருந்து கொரில்லாவிலும் ஒராங்குட்டானிலும் அந்த இடம் காலியாக இருக்கும் பகுதிகளைத் தேடுங்கள். முதல் ஒன்றைக் கண்டபோது நான் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலக் கணக்கு வேண்டுமானால் ஒரு புதைபடிவத்தை ஆதாரமாகப் பிடிக்க வேண்டும். டான்சானியாவின் ருக்வா பள்ளத்தாக்கில் கிடைத்த, சுமார் 2.5 கோடி ஆண்டுப் பழமையான எலும்புகள், குரங்கும் வாலில்லாக் குரங்கும் அதற்குள் பிரிந்துவிட்டன என்று காட்டுகின்றன. அதைக் குறைந்தபட்ச வயதாக மட்டும் கொள்ளுங்கள்.

அடுத்துப் பழக, பெரிய கண்களைக் கொண்ட சிறு விலங்கான டார்சியரை எடுங்கள். நீண்ட காலம் லெமூர்களோடு சேர்க்கப்பட்ட விலங்கு. வைட்டமின் சி தயாரிக்கும் குலோ மரபணு லெமூர்களில் வேலை செய்கிறது. டார்சியரிலும் குரங்குகளிலும் நம்மிலும் செயலிழந்துவிட்டது. ஆனால் கினிப்பன்றியும் அதைத் தனியாக இழந்திருக்கிறது. ஆகவே இழப்பை மட்டும் பார்க்காமல், உடைந்த இடங்கள் பொதுவாக இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஒப்பிட டார்சியருக்குப் பக்கத்தில் ஒரு லெமூர், மார்மோசெட் என்ற சிறு குரங்கு, வெளியாளாக ஒரு எலி.