குறுக்குத்துறைக் கோயிலின் இரு படங்களை மார்ஃபிங் முறையில் இணைப்பது எப்படி?

திருநெல்வேலிக் குறுக்குத்துறை முருகன் கோயிலைக் கோடையில் எடுத்த படம் ஒன்றும், ஐப்பசி மழையில் பெருகிய தாமிரபரணி அதைச் சூழ்ந்து நிற்கும் படம் ஒன்றும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று மங்க மற்றொன்று தெளிந்தால் அது வெறும் டிசால்வ். மார்ஃபிங்கில் அதனுடன், முதல் படத்தின் மண்டப மூலை நகர்ந்து சென்று இரண்டாம் படத்தின் மண்டப மூலையில் பொருந்தவும் வேண்டும். ஆகவே எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும், இரு படங்களுக்கும் பொதுவான புள்ளிகளைத் தேர்வதே வேலையின் பெரும்பகுதி.

இங்கே டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பை எடுத்துக்கொள்கிறேன். அதிலுள்ள ஸ்மூத் கட், பிரீமியர் புரோ என்ற மற்றொரு தொகுப்பு மென்பொருளிலுள்ள மார்ஃப் கட் ஆகிய வசதிகள் பேட்டிக் காட்சிகளில் வெட்டிய இடம் தெரியாமல் மறைப்பதற்கானவை. வெவ்வேறு இரு படங்களுக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

டைம்லைனை நொடிக்கு 25 ஃபிரேம்களாக அமைத்து, கோடைப் படத்தை முதல் வீடியோ டிராக்கிலும் வெள்ளப் படத்தை அதற்கு நேர் மேலேயும் 5 நொடிகளுக்கு வையுங்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்து ஃபியூஷன் கிளிப்பாக மாற்றி ஃபியூஷன் பக்கத்தைத் திறந்தால், இரு படங்களும் ஒரு மெர்ஜ் கணுவில் (படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் பெட்டி) சேர்ந்திருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் மெர்ஜுக்கும் இடையில் ஒரு கிரிட் வார்ப் கணுவைச் செருகுங்கள்; இது படத்தின் மேல் ஒரு வலையை விரித்து, அதன் புள்ளிகளை நகர்த்தினால் படத்தையும் வளைக்கும்.

கவனம் தேவைப்படும் இடம் இதுதான். வலையின் கட்ட எண்ணிக்கையை முதலிலேயே முடிவு செய்யுங்கள். தொடக்கத்திற்கு 6க்கு 6 போதும். கோடைப் படத்தின் மூல வலையில் (புள்ளிகள் தொடங்கும் இடங்களைக் குறிப்பது), மண்டபத்தின் மேல்விளிம்பு, தூண்களின் உச்சி, எதிர்க்கரை மரங்கள் எனத் தெளிவாகத் தெரியும் இடங்களில் வலைப்புள்ளிகளைப் பொருத்தி, அந்த வலையை இலக்கு வலைக்கு (புள்ளிகள் சென்று சேரும் இடங்களைக் குறிப்பது) நகலெடுங்கள். 25ஆம் ஃபிரேமில் இலக்கு வலைக்கு ஒரு கீஃப்ரேம் (அந்த ஃபிரேமில் உள்ள நிலையைப் பதிவு செய்யும் குறி) இடுங்கள். 75ஆம் ஃபிரேமில், அதே புள்ளிகளை வெள்ளப் படத்தில் அந்தந்த உறுப்புகள் இருக்கும் இடங்களுக்கு நகர்த்துங்கள். வெள்ளப் படத்துக்கு இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: 25இல் அதன் புள்ளிகள் கோடைப் படத்தின் இடங்களில் இருக்க, 75இல் தம் சொந்த இடங்களுக்குத் திரும்ப வேண்டும். ஓரப் புள்ளிகளை அசைக்காதீர்கள். அசைத்தால் கருப்பு விளிம்பு தெரியும்.

மணலுக்கும் வெள்ளத்துக்கும் பொதுவான புள்ளி எதுவும் இல்லை. அங்கே வலையை வலிந்து இழுக்காமல், நீர் வெறும் டிசால்வாகவே மெல்லத் தோன்றட்டும்.

கடைசியாக, மேலுள்ள வெள்ளப் படம் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைக் குறிக்கும் மெர்ஜின் பிளெண்ட் அளவை 40ஆம் ஃபிரேமில் 0 என்றும் 60இல் 1 என்றும் அமையுங்கள். நகர்வு முழுவதும் இந்த டிசால்வை நீட்டினால், சிறிய பிசகும் இரட்டைத் தூணாகத் தெரியும் என்பதால், அதை நடுவில் சுருக்கி வைப்பதே என் விருப்பம். 50ஆம் ஃபிரேமில் நிறுத்திப் பாருங்கள். அங்கே இரட்டிப்பாகத் தெரியும் விளிம்புக்கு அருகிலுள்ள புள்ளியை மட்டும் திருத்திவிட்டு, டெலிவர் பக்கத்தில் எம்பி4 கோப்பாக வெளியிடலாம்.