சாமி கும்பிடாத வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது எப்படி

எங்கள் வீட்டில் சாமி அறை கிடையாது. தாத்தா காலத்திலிருந்தே இல்லை. 1954 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது நேரில் போய்ப் பேச்சைக் கேட்டவர் அவர். திரும்பி வந்ததும் லயத்து வீட்டுச் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) சுவரில் இருந்த சாமிப் படங்களைக் கழற்றினார், தீபாவளியையும் விட்டார். பொங்கல் ஒன்றுதான் எங்களுக்குப் பெருநாள். ஆனாலும் டிசம்பர் பிறந்தால் எங்கள் வாசலில் நட்சத்திரம் தொங்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோதும் தொங்கியது, டவுனுக்கு வந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் குடியிருக்கும் இப்போதும் தொங்குகிறது.

என்னிடம் துணி தைக்க வரும் இளம் தாய்மார்கள் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். "எங்களுக்கும் நம்பிக்கை இல்லைக்கா. ஆனா பிள்ளை மரம் வைன்னு அழுவுது. செய்யலாமா?" தாராளமாகச் செய்யலாம். எனக்குத் தெரிந்த முறையைச் சொல்கிறேன்.

முதல் வேலை, கிறிஸ்துமஸ் உங்களுக்கு யார் வழியாக வந்தது என்று யோசித்துப் பார்ப்பது. எங்களுக்குப் பக்கத்து லயத்து அத்தை வழியாக வந்தது. அத்தை வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். அவர் கணவர் இறந்த வருடம் நட்சத்திரம் கட்ட வீட்டில் ஆள் இல்லை. தாத்தா சொல்லாமல் கொள்ளாமல் ஆற்றோரம் போய் மூங்கில் வெட்டி வந்து கட்டிக் கொடுத்தார். "சாமியே இல்லைங்கிறவரு நீங்க" என்று பிரட்டுக் களத்தில் (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்) யாரோ கேட்டிருக்கிறார்கள். "கம்பு கட்டுறதுக்குச் சாமி எதுக்கு?" என்றாராம். மறு வருடம் அத்தை இரண்டு நட்சத்திரம் கட்டச் சொன்னார். இரண்டாவதைத் தன் கையாலேயே எங்கள் வாசலில் மாட்டினார்.

உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். கூடப் படித்த தோழி, ஆஸ்பத்திரியில் ராத்திரி கண் விழித்த மிஸ்ஸி (நர்ஸ்), பழைய கிராணி (தோட்டத்துக் கணக்கர்) குடும்பம், யாராவது. கடைக்குப் போய் மரம் வாங்குவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். "இந்த வருஷம் நாங்களும் வைக்கிறோம், என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். அந்தப் பேச்சு இல்லாமல் தொடங்கினால் அது வெறும் அலங்காரமாகத்தான் நிற்கும். நான் அப்படி ஒரு வருடம் செய்து பார்த்திருக்கிறேன். மரம் மினுமினுத்தது, வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள். இயேசு பிறந்த தேதி பைபிளில் இல்லை. ரோமில் டிசம்பர் 25ஐப் பிறப்புத் திருநாளாக வைத்திருந்ததற்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே ரோமில் டிசம்பர் 17 தொடங்கி விருந்து, பரிசு என்று சாட்டர்னேலியா விழா நடந்துவந்தது. விளக்கு வைத்த மரம் ஜெர்மானியர் பழக்கம். 1848இல் விக்டோரியா ராணி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகுதான் அது ஆங்கிலேயர் வீடுகளில் பரவியது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1647இல் இங்கிலாந்தில் கிறிஸ்துமஸைத் தடை செய்தவர்கள் தீவிர பக்தியுள்ள கிறிஸ்தவர்களே. பைபிளில் சொல்லாத விழா எதற்கு என்பது அவர்கள் வாதம். ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருக்கிறார்கள், ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு வீடு ஸ்ட்ராபெரி வைத்த கேக் வெட்டுகிறார்கள். ஆகவே மரமும் கேக்கும் யாருடைய தனிச் சொத்தும் அல்ல.

நட்சத்திரம் அப்படியில்லை. அது ஞானிகளுக்கு வழிகாட்டிய நட்சத்திரம், மத்தேயு எழுதிய நற்செய்தியில் இருக்கிறது. நாங்கள் அதை மறைப்பதில்லை. "இது அத்தை நம்பும் கதை, அத்தைக்காக மாட்டுகிறோம்" என்று பிள்ளைகளிடம் சொல்லித்தான் மாட்டுகிறோம். கிறிஸ்துமஸ் தாத்தா விஷயத்திலும் எங்கள் வீட்டில் பொய் கிடையாது. பரிசை யார் வாங்கினார்களோ அவர் பெயரை எழுதித்தான் கொடுப்போம். பிள்ளைகளின் சந்தோஷம் கொஞ்சமும் குறைவதில்லை.

இப்போது நட்சத்திரம் கட்டுவதைச் சொல்கிறேன். கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கிறதுதான், இருந்தாலும் ஒரு முறையாவது கையால் கட்டிப் பாருங்கள். முற்றிய மூங்கிலைப் பிளந்து, சுண்டு விரல் அகலத்தில் மூன்றடி நீளச் சிம்புகள் பத்து எடுங்கள். ஓரத்தைக் கத்தியால் சீவி வழவழப்பாக்குங்கள், இல்லாவிட்டால் சிலாம்பு ஏறும். கை எடுக்காமல் பிள்ளைகள் ஐந்து முனை நட்சத்திரம் வரைவார்களே, அதே வரிசையில் கோட்டுக்கு ஒரு சிம்பாக வைத்து முனைகளைக் கட்ட வேண்டும். கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டிக்கொள்ளுங்கள். நூல் வழுக்கும், ரப்பர் பிடித்துக்கொள்ளும். தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், ரப்பர் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை வேறெதிலும் இருந்ததில்லை.

இப்படி இரண்டு நட்சத்திரம் செய்து ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு நடுவில் சிம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும், இரண்டு நட்சத்திரத்துக்கும் இடையில் நாலு அங்குலக் குச்சியை நிமிர்த்திச் செருகிக் கட்டுங்கள். தட்டையாகக் கிடந்தது நம் கண் முன்னாலேயே வயிறு புடைத்து எழும். அந்த நிமிடத்தைப் பார்க்கப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே கண்ணாடித்தாள் ஒட்டலாம். மரவள்ளி மாவுப் பசை போதும், ஆனால் டிசம்பர் மழைச் சாரல் பட்டால் விட்டுவிடும், ஆகவே கூரைக்கு உள்ளே தள்ளி மாட்டுங்கள். பின்பக்கத்தில் ஒரு முக்கோணத்தை ஒட்டாமல் விட்டால் விளக்கை உள்ளே வைக்கலாம். எல்இடி பல்புதான் போட வேண்டும், பழைய குண்டு பல்பு சூடேறித் தாளைக் கருக்கிவிடும்.

சமையலறையில் ஒரு கணக்கு இருக்கிறது. கிறிஸ்துமஸ் எப்போதும் மார்கழியில்தான் வரும். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பங்களில் பலர் விரதத்தில் இருப்பார்கள், ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும் இருப்பார்கள். சுஜி (ரவை) கேக்கிலும் அச்சு முறுக்கிலும் முட்டை சேரும். ஆகவே அவர்களுக்கென்று தனியாக நெய் உருண்டை பிடித்துவிடுங்கள். மலாய்க்கார அண்டை வீட்டாருக்கு ஹலால் முத்திரையுள்ள கடைப் பலகாரமே நல்லது, அவர்கள் சங்கடமில்லாமல் சாப்பிடலாம். பழக் கேக்குக்குப் பழத்தை ரம்மில் ஊறப் போடாமல் ஆரஞ்சுச் சாற்றில் ஊறப் போடுங்கள். சுஜி கேக்குக்கு ஒரே ரகசியம்தான்: 250 கிராம் ரவையை 250 கிராம் வெண்ணெயில் குழைத்து முதல் நாள் ராத்திரியே ஊற வைக்க வேண்டும். அவசரப்பட்டால் பல்லில் நறநறக்கும்.

இருபத்து நாலாம் தேதி ராத்திரித் திருப்பலிக்கு (கோயில் பூசை) உங்களுக்குக் கிறிஸ்துமஸைக் கொண்டுவந்தவர் கூப்பிட்டால் போங்கள். நாங்கள் போவோம். பின்வரிசையில் உட்காருங்கள், எல்லாரும் எழுந்தால் எழுந்து நில்லுங்கள். மண்டியிட வேண்டியதில்லை, சிலுவை அடையாளம் போட வேண்டியதில்லை. நற்கருணை அப்பம் வாங்க மட்டும் வரிசையில் போகாதீர்கள். கத்தோலிக்கர்களுக்கு அது மிகப் புனிதமானது, நம்பாமல் போய் வாங்குவது அவர்களை அவமதிப்பதாகும். வரிசை நகரும்போது இடத்திலேயே இருந்துவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பாட்டுக் குழு வீட்டு வாசலுக்கு வந்தால் கதவைத் திறந்து, முழுப் பாட்டையும் நின்று கேட்டு, மைலோவோ தேநீரோ கலக்கிக் கொடுங்கள்.

சொந்தக்காரர்கள் பேசுவார்கள். "தீபாவளி வேண்டாமாம், கிறிஸ்துமஸ் வேணுமாம்" என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி என்று எனக்கும் பட்டது. நரகாசுரனைக் கொன்றதைக் கொண்டாடும் கதை பிடிக்காமல்தான் தாத்தா தீபாவளியை விட்டார். ஆனால் விட்ட பிறகும் அக்கம்பக்கம் அனுப்பிய முறுக்கை ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. நானும் இப்போது தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்புக்குக் கூப்பிடும் வீடுகளுக்கெல்லாம் போகிறேன், பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வருகிறேன். விவாதம் வேண்டுமானால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், சாப்பாட்டு மேசையில் வேண்டாம்.

அப்புறம் தட்டு. கிறிஸ்துமஸ் அன்று உங்களுக்குப் பலகாரம் வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் ஒரு கை சீனியாவது போட்டுக் கொடுங்கள். நாங்கள் உடனே திருப்புவதில்லை. மூன்று வாரம் கழித்துப் பொங்கல் வரும் வரை தட்டைக் கழுவி அலமாரியில் வைத்திருப்போம். அதற்குள் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து அத்தை வீட்டு நட்சத்திரம் இறங்கும், எங்களுடையதும் இறங்கும். தாளை மட்டும் உரித்துவிட்டு மூங்கில் கூட்டை அடுப்படி உத்தரத்தில் மாட்டி வையுங்கள், அடுத்த வருடத்துக்கு ஆகும். பொங்கலன்று பானை பொங்கியதும் முதல் கரண்டி சர்க்கரைப் பொங்கல் அந்தத் தட்டுக்குத்தான். அத்தை இப்போது இல்லை. அவர் மகள் ரெண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறாள், சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.