ஸ்டேஷனில் புதியவரை அடையாளம் காண ஒரு போட்டோ போதாது

ஊரிலிருந்து வரும் பெரியவரை அழைத்துவர, அவரை முன்பின் பார்த்திராத ஒருவரை மும்பையின் தாதர் ஸ்டேஷனுக்கு அனுப்புகிறீர்களா? பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

பழகிய முகம் என்றால் மூளை கண், புருவம், மூக்கு, வாய் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வடிவமாகப் பிடித்துவிடும். மூளையின் அடிப்புறம், பெரும்பாலும் வலப்பக்கம் கூடுதலாக இயங்கும் ஃப்யூசிஃபார்ம் பகுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. புது முகத்திலோ தலைமுடியையும் முக விளிம்பையும்தான் அதிகம் நம்புகிறது. திருப்பதியில் மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தால், எதிரில் நின்றாலும் தவறிப்போகும்.

ஆகவே நான்கைந்து படங்கள் அனுப்புங்கள்: சிரிக்கையில், பக்கவாட்டில், வெயிலில், கண்ணாடியோடும் இல்லாமலும். ஒரே முகம் எப்படியெல்லாம் மாறும் என்று மூளை பழகிக்கொள்ளும். பியூட்டி ஃபில்டர் போட்ட படம் வேண்டவே வேண்டாம். பார்ப்பவர் புருவத்தைக் கட்டாயம் கவனிக்கட்டும்; 'இவர் கறாரானவரா, கலகலப்பானவரா?' என்றும் யோசிக்கட்டும். அந்தக் கணிப்பு தப்பானாலும் பரவாயில்லை, முகம் நன்றாகப் பதியும்.

முகங்களே பிடிபடாத குறைபாடு சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. அவர்களிடம் கோச் எண்ணையும் பையின் நிறத்தையும் சொல்லி அனுப்புங்கள்.